கிரகணத்தன்று ஏறிய பிரஷர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல் ரூமில் உட்காரும்போது கை நடுங்கினால் வெட்கப்படாதீர்கள். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் எனக்கு நடுங்கியது. ஆனால் உள்ளுக்குள் ஒரு குதூகலமும் இருந்தது. "ஆபீஸ்ல ஏதாவது வெடிச்சாத்தான் உன் மூஞ்சியில களை வருது" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாட்களில் நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன்.

நம் வேலையைப் பற்றி வெளியே யாராவது கேட்டால் ஒரே வரியில் சொல்லலாம். தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரைக்கும் வீட்டு அடுப்புக்கும், ஓட்டலுக்கும், ஆட்டோ பங்க்குக்கும், சில தொழிற்சாலைகளுக்கும் குழாய் வழியாக கேஸ் கொடுக்கிறோம். நாம் கேஸ் தயாரிக்கவில்லை, வாங்கி விற்கிறோம். நான் இருந்த காலத்தில் அதை விற்க ஒரே ஒரு பெரிய கம்பெனிதான் இருந்தது. கப்பலில் வரும், கடற்கரையில் இறங்கும், ஒரே குழாயில் நம்மிடம் வந்து சேரும். கன்ட்ரோல் ரூமில் அந்தக் கம்பெனிக்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார் வீடு. கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், கொடுக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று இருந்தது. நாங்கள்தான் வீடு வீடாகப் போய், "குழாய் கேஸ் வந்துடுச்சு, இனிமே சிலிண்டர் எதுக்கு?" என்று பேசிப் பேசி, இருந்த சிலிண்டர்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தோம். சாதாரண வீட்டில்கூட ஒரு சிலிண்டர் எரியும்போது இன்னொன்று மூலையில் நிற்கும். இத்தனை வீட்டுக்கு கேஸ் கொடுக்கிற எங்களிடம் அந்த இரண்டாவது சிலிண்டர் இல்லை. மேற்குக் கடற்கரையிலிருந்து திரவமாக்கிய கேஸை டாங்கர் லாரியில் கொண்டுவந்து வண்டலூரில் ஒரு டாங்கியில் சேர்த்து வைக்கலாம் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். அதற்காக வாங்கிய மனையில் ஒரு காம்பவுண்டு சுவர் எழும்பியிருந்தது. உள்ளே ஆடு மேய்ந்தது.

நான் சொல்லவந்த நாள் அப்படிப்பட்ட காலத்தில்தான் வந்தது. கடல் கொந்தளிப்பு. கேஸ் ஏற்றி வந்த கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றது. காலையில் வேலைக்குப் போய்ப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, மாமியார் வீட்டிலிருந்து போன். அங்கே விற்பனையைப் பார்த்துக்கொண்ட அதிகாரி வேறு மாநிலத்தில் இருந்தவர். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"மேடம், கப்பல் வர நாளைக் காலை ஆயிடும். அதுவரைக்கும் உங்களுக்கு வழக்கமா வர்றதுல கால்வாசிதான்" என்றார்.

"சார், கால்வாசியில சாயங்காலச் சமையலைத் தாங்காது. குழாய் காலியாயிடும்."

"தெரியும். அதனாலதான் ஒரு வழி சொல்றேன். எங்க கையிருப்புல கொஞ்சம் இருக்கு. உங்களுக்குத் திறந்து விடுறேன். ஆனா இனிமே எங்களைத் தவிர வேற யார்கிட்டயும் வாங்க மாட்டோம்னு நீங்க ஒத்துக்கணும். நீண்ட கால ஒப்பந்தம். சாயங்காலத்துக்குள்ள சம்மதம்னு ஒரு மெயில் போட்டா போதும்."

ஆடு மேய்கிற அந்த மனையைப் பற்றி அவர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. இப்போது சரி என்று சொன்னால் இன்று ராத்திரி அடுப்பு எரியும். ஆனால் இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் வருஷக்கணக்கில் அவர் சொல்கிற விலைக்கு, அவர் கொடுக்கிற அளவுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும். வேண்டாம் என்றால் ராத்திரியே அடுப்பு அணையும்.

எம்.டி. தாம்பரம் ஆபீஸில் இருந்தார். நல்ல மனுஷர், பயந்த சுபாவம். "போட்டுடலாம்மா. வீட்டுல அடுப்பு அணைஞ்சா நாளைக்குப் பேப்பர்ல நம்ம போட்டோ வரும்" என்றார். "விளக்கு வைக்கிற வரைக்கும் டைம் குடுங்க சார்" என்று கெஞ்சி வாங்கினேன்.

தொழிற்சாலைகளை முதலில் நிறுத்தினோம். அவர்களிடம் டீசல் உண்டு, இப்படி ஒரு நாள் வரும் என்று முன்கூட்டியே பேசி வைத்ததும் உண்டு. திட்டிக்கொண்டே மாறிக்கொண்டார்கள். அப்போதும் கணக்கு உதைத்தது. கம்ப்யூட்டர் போன வாரத்து இதே கிழமையைப் பார்த்து இன்றைய தேவையைச் சொல்லும். சாயங்காலம் காபி, டிபனில் தொடங்கி ராத்திரிச் சமையல் வரைக்கும் கோடு மலையேறுகிற மாதிரி ஏறும். அதன்படி பார்த்தால், ஒரு கிளைக் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்து வீடுகளில் பொழுது சாய்வதற்கு முன்பே அடுப்பு அணைந்துவிடும்.

ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் பாஸ்கர். என் வயசுதான், கெட்டிக்காரர், ஆனால் நெருக்கடி வந்தால் கால் ஒரு இடத்தில் நிற்காது. "மேடம், பீர்க்கன்கரணை வால்வை மட்டும் ஒரு ரெண்டு மணி நேரம் மூடிடலாமே? மத்த இடமாவது தப்பிக்கும்" என்றார்.

பிள்ளைகளே, இந்த யோசனை உங்களுக்கும் வரும். வரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஒருமுறை ஊரப்பாக்கத்தில் வடிகால் தோண்ட வந்த இயந்திரம் நம் குழாயை அறுத்துவிட்டது. குழாயை ஒட்ட வைப்பது சின்ன வேலை. கேஸை மறுபடி விடுவதற்குத்தான் நாள் முழுக்கக் கதவு தட்டினோம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது கேஸ் நின்றால் தீ அணையும், ஆனால் திருகு திறந்தேதான் இருக்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். மறுபடி கேஸ் வந்தால் தீ இல்லாமல் கேஸ் மட்டும் வீட்டுக்குள் நிறையும். ஆகவே ஒவ்வொரு வீடாகப் போய், திருகு மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திறக்க முடியும். பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர் வீடு வேறு. வால்வை மூடுவதற்கு ஒரு ஆள் போதும். திறப்பதற்கு ஊரே வேண்டும்.

"வீட்டைத் தொடாதீங்க பாஸ்கர். என்ன ஆனாலும் வீட்டைத் தொடாதீங்க" என்றேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுத்து ஓய்வு பெற்றவர். நிலா எப்படி சூரியனை மறைக்கிறது என்று பந்தும் டார்ச்சும் வைத்து எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் கேட்ட கேள்வி: "தண்ணிக் குடத்துல, ஊறுகாய் ஜாடியில எல்லாம் தர்ப்பை போட்டாச்சு. மோர்லயும் போடணுமா?"

"எதுக்கு இப்ப தர்ப்பை?"

"நல்லா கேட்ட போ! இன்னைக்கு சாயங்காலம் சூரிய கிரகணம். அப்பவே சமைச்சு, சாப்பிட்டு, பாத்திரத்தைக்கூடக் கழுவிக் கவுத்தாச்சு. இனிமே கிரகணம் விட்டு, குளிச்சிட்டுத்தான் அடுப்பு."

போனைக் கையில் பிடித்தபடியே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கன்ட்ரோல் ரூமில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. எல்லோரும் கிரகணம் பார்க்கிற குடும்பம்தான். ஆனால் செருப்பை வெளியே விடுகிற மாதிரி வீட்டு ஞாபகத்தையும் வெளியே விட்டுவிட்டு, திரையில் இருக்கும் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டருக்கு ஏது பஞ்சாங்கம்? இந்தப் பக்கத்துக் காலனிகளில் சாயங்காலம் முழுக்க முக்கால்வாசி அடுப்பு எரியாது! ஓட்டல்களிலும் பாதி மூடியிருக்கும். வருகிற கால்வாசி கேஸும் குழாய்க்குள்ளேயே சேரும்.

சந்தோஷத்தில் பாஸ்கர் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டேன், அவர் டீயைச் சிந்திவிட்டார். அடுத்த நிமிஷமே இன்னொன்று உறைத்தது. கிரகணம் விட்டதும் என்ன நடக்கும்? எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கேஸ் கெய்சர், ஒரே நேரத்தில் அடுப்பு. வழக்கமாக மூன்று மணி நேரத்தில் பரவி ஏறுகிற தேவை ஒரே மூச்சில் ஏறும். அதைத் தாங்க வேண்டுமென்றால் அதுவரைக்கும் சேர்கிற கேஸை வேறு யாரும் தொடக் கூடாது. தொடுகிற ஆள் ஒருத்தர்தான் பாக்கி, ஆட்டோ.

பெருங்களத்தூர் பங்க்கை மூடச் சொல்லிவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். வரிசை ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு போர்டு மாட்டிவிட்டு ஒளிந்துகொள்வதுதான் வழக்கம். அன்றைக்கு எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. ஓட்டுநர்களுக்குத் தலைவர் மாதிரி சேகர் என்று ஒருவர் உண்டு. குரல் வண்டலூர் மிருகக்காட்சிசாலை வரைக்கும் கேட்கும். நேராக அவரிடம் போய் விஷயத்தை அப்படியே சொன்னேன்.

"இன்னா மேடம் இது? பெட்ரோல வுடு, கேஸுக்கு மாறுன்னு நீங்கதான சொல்லிக்கினு இருந்தீங்க? இப்ப கையை விரிச்சா நாங்க எங்க போறது?" என்று சத்தம் போட்டார். சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

"நீங்க சொல்றது நியாயம் சேகர் அண்ணா. நான் இப்ப பங்க்கைத் திறந்தா ராத்திரி வீடுங்கள்ல அடுப்பு அணைஞ்சிடும். உங்க வீடு எங்க?"

"பீர்க்கன்கரணை."

"அங்கதான் முதல்ல அணையும்."

அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "என் வூட்லயும் உங்க கேஸ்தான் கீது. சிலிண்டரைத் திருப்பிக் குடுத்துட்டா எங்க வூட்டுக்காரி. சரி, கிரகணத்துல எவன் சவாரி வருவான்? வண்டிய ஓரங்கட்றோம். வுட்ட ஒடனே திறந்துடணும், ஆமா."

இங்கேயும் நான் மழுப்பவில்லை. "விட்ட உடனே இல்ல அண்ணா. அப்பதான் வீட்டுல எல்லாரும் பத்த வைப்பாங்க. ராத்திரிச் சமையல் அடங்கினதும் நானே போன் பண்றேன்."

கூட்டத்தில் கெட்ட வார்த்தை பறந்தது. சேகர் கையைத் தூக்கி அடக்கினார். "சும்மா இருங்கப்பா! இத்தினி நாள்ல போர்டு மாட்டாம ஆளு வந்து நின்னு சொல்றது இப்பதான். ஒரே பேஜாரா கீது மேடம் உங்களோட. போங்க, நான் பாத்துக்கறேன். போன் வரலைன்னு வெச்சிக்குங்க, வண்டிய எல்லாம் உங்க ஆபீஸ் வாசல்ல நிறுத்துவேன்."

திரும்பி வரும்போது கிரகணம் பிடித்திருந்தது. ரோடு வெறிச்சென்று கிடந்தது, கோயில் கதவு சாத்தியிருந்தது. கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்தால் திரையில் பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது! வேலைக்கு வந்த நாளிலிருந்து சாயங்கால நேரத்தில் அந்தக் கோடு மேலே போனதை நான் பார்த்ததில்லை. குழந்தை எழுந்து நிற்பதைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம்.

"போதும் போதும்னு ஏறுது மேடம். பங்க்கைத் திறந்து விட்டுடலாம், ரோட்டுல கலாட்டாவாவது இல்லாம இருக்கும்" என்றார் பாஸ்கர்.

"இது நம்ம காசில்ல பாஸ்கர், அடகு வச்ச நகை. கொஞ்ச நேரத்துல மீட்க வருவாங்க" என்றேன். அவர் மனசில்லாமல் உட்கார்ந்தார்.

அப்போது மாமியார் வீட்டிலிருந்து போன். அவருடைய மீட்டரிலும் நம் பிரஷர் தெரியும், அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"மேடம், உங்க பக்கம் பிரஷர் ஏறுதே?"

"ஆமா சார், ஏறுது."

"சாயங்கால நேரத்துல எப்படி ஏறும்?"

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு சார்."

"பங்க்கை மூடிட்டீங்களா? மூடியிருக்க முடியாதே, ஆட்டோக்காரங்க ரோட்டை மறிச்சிருப்பாங்களே..." என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாங்கர் ஏற்பாடு முடிஞ்சிடுச்சா?" என்றார்.

அவர் ஊரிலும் அன்றைக்குக் கிரகணம்தான். அவர் வீட்டிலும் யாராவது அடுப்பைத் தொடாமல் இருந்திருப்பார்கள். ஆனால் அவருடைய மற்ற வாடிக்கையாளர்கள் உரத் தொழிற்சாலையும் மின் நிலையமும். அவை கிரகணம் பார்ப்பதில்லை. எங்களை அவர் ஒரு மீட்டராகத்தான் பார்த்தார், சமையல்கட்டாக யோசிக்கவே இல்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பாஸ்கர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

பொய் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. "எங்க ஏற்பாட்டைப் பத்தி நான் பேசறதா இல்ல சார். ஆனா நீங்க கேட்ட மெயிலை நான் போடப் போறதில்ல" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் அந்த வேலையில் எனக்கு ரொம்பக் கஷ்டமான காரியம், என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே சூரியன் குறைபட்டுக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கி முடிந்தால் என் குட்டு உடைந்துவிடும்.

"சரி மேடம். கையிருப்பிலிருந்து திறக்கச் சொல்றேன். அந்த நிபந்தனையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் வேண்டாம் சார். அது இல்லைன்னு நீங்க இப்பவே ஒரு மெயில் போடுங்க."

போட்டார். நான் எம்.டி.க்கு அனுப்பினேன். அவர் பதிலுக்கு 'எப்படி?' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். பதில் எழுத நேரமில்லை, ஏனென்றால் கிரகணம் விட்டுக் கோயில் மணி கேட்டது.

கோடு விழுந்தது பாருங்கள், அப்படி ஒரு சரிவை நீங்கள் யாரும் பார்க்க வேண்டாம். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் விழுந்தது. எத்தனை அடுப்பு, எத்தனை குளியல்! மாமியார் வீட்டில் திறந்த கேஸ் அவ்வளவு தூரம் குழாயில் வந்து சேர நேரம் பிடிக்கும். பீர்க்கன்கரணைக் கோடு, அடுப்பு அணைகிற அளவைக் காட்டும் சிவப்பைத் தொடப் போனது. பாஸ்கரின் கை வால்வு பட்டன் பக்கம் போவதைப் பார்த்தேன். "தொடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். என் கையைப் புடவைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். நான் தப்பாகக் கணித்திருந்தால் ஏரிப் பக்கத்து வீடு ஒவ்வொன்றிலும் தீ அணைந்து திருகு திறந்து கிடக்கும். அது என் தலையில்தான் விழும், விழவும் வேண்டும்.

கோடு சிவப்புக்கு மேலேயே நின்றது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தது. அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கியது. யாரோ கைதட்டினார்கள். பாஸ்கர் அழுதார். நானும்தான்.

சேகரிடமிருந்து போன். "மேடம், எங்க வூட்ல இட்லி வெந்துகினு கீது. தீ கொஞ்சம் சின்னதாத்தான் கீது, ஆனா கீது. இன்னும் எம்மா நேரம்?"

"இட்லி இறக்கினதும் சொல்லுங்க அண்ணா. திறந்துடறேன்" என்றேன். சொன்ன மாதிரியே அவர் சொன்னார், நான் திறந்தேன். போனிலேயே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

இதைக் கேட்டுவிட்டு 'மேடம் எவ்வளவு சாமர்த்தியம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். அதை அனுபவம் என்று பெயர் மாற்றிச் சட்டையில் குத்திக்கொள்ளாதீர்கள். நான் சரியாகச் செய்தவை மூன்றுதான். வீட்டைத் தொடவில்லை, சேகரிடம் உண்மையைச் சொன்னேன், ஏறுகிற கோட்டைப் பார்த்து ஆட்டம் போடவில்லை. மற்றதெல்லாம் வானத்தில் நடந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக எம்.டி. அறைக்குப் போய், "சார், நம்மகிட்ட இல்லாத டாங்கிக்கே அவர் இவ்வளவு இறங்கி வந்தாரு. நிஜமாவே ஒண்ணு இருந்தா?" என்று கேட்டேன். பயந்த மனுஷர் அன்றைக்குப் பயப்படவில்லை. ஆட்டை விரட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

வண்டலூர் டாங்கியில் முதல் டாங்கர் லாரி கேஸை இறக்கிய பிறகு, மாமியார் வீட்டு அதிகாரி விமானம் ஏறி நேரிலேயே வந்தார். அதுவரைக்கும் நான் குரலை மட்டுமே அறிந்த மனுஷர். மரியாதையானவர், எனக்கு ஒரு டப்பா ஸ்வீட் வாங்கி வந்திருந்தார். டாங்கியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கையால் தட்டிக்கூடப் பார்த்தார்.

"அந்த சாயங்காலமே இது இருந்ததா மேடம்?"

ஓய்வு பெறப் போகிற நேரம், இனி என்ன என்று சொல்லிவிட்டேன். "இல்ல சார். அன்னைக்குக் கிரகணம். எங்க பக்கம் யாரும் அடுப்பு பத்த வைக்கல. அவ்வளவுதான்."

கோபப்படுவார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, அடுத்த கிரகணம் எப்போது என்று பார்த்தார்.